திருப்பிக் கொடுத்த கம்ப்யூட்டர்

அட்டைப்பெட்டியைப் பிரித்து வெள்ளைத் தெர்மாகோலை உருவியதும் மேனகாவின் கை முதலில் பட்டது சிபியுவின் பக்கத் தகட்டில். அது வெதுவெதுவென்று இருந்தது. கடல் தாண்டி வந்து, சென்னைத் துறைமுகத்தில் வாரக்கணக்காகக் கிடந்து, மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஜீப்பின் பின்பக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் மழையில் ஏறி வந்த பெட்டி. ஐப்பசி மாதத்துச் செம்மேட்டில் குடத்துத் தண்ணீரைத் தொட்டாலே விரல் விறைத்துவிடும். அந்தத் தகடு மட்டும், இப்போதுதான் யாரோ மடியிலிருந்து இறக்கி வைத்ததைப் போலச் சூடாக இருந்தது.

"ஏனுங்க, இதத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்குது."

கோகுல்நாத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஜீப்பு இஞ்சின் சூடு புள்ள. சைலன்சர் பக்கமாவே வெச்சுட்டு வந்திருப்பான்."

அவனுக்கு அன்றைக்கு எதைச் சொன்னாலும் சிரிப்புத்தான். செம்மேட்டுக் கடைவீதியில் அவன் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அதுதான் வீடு. அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று மலையில் சிதறிக் கிடக்கும் ஊர்களிலிருந்து பட்டாவுக்கும் கரண்டுக்கும் மனு எழுத வருகிறவர்கள் அவனைத் தேடித்தான் வருவார்கள். ஆனால் இப்போதெல்லாம் ஆபீசுகளில் கம்ப்யூட்டர் எழுத்துக்குத்தான் மரியாதை. வந்தவர்கள் பஸ் ஏறி நாமக்கல்லுக்கே போக ஆரம்பித்திருந்தார்கள். சேந்தமங்கலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அவனுடைய பள்ளிக்கூடச் சிநேகிதன் முஜீப்தான் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் இணையக் கடையில் இந்தக் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தான். பாதி விலைக்கும் கீழே. துபாயில் இருக்கும் அண்ணனின் கார்டு வழியாக அவனே பணத்தைக் கட்டி வரவழைத்தும் கொடுத்தான். ஒருமுறை விற்று, வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டது, அதனால்தான் இந்த மலிவு என்று அந்தக் கடைக்காரர்களே எழுதியிருந்தார்களாம்.

"எதுக்குத் திருப்பிக் குடுத்தாங்களாம்?" என்று மேனகா அப்போதே கேட்டாள்.

"வெள்ளைக்காரங்களுக்குக் கலர் புடிக்காட்டிக்கூடத் திருப்பிக் குடுத்துருவாங்க."

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. மூன்று முறை கலைந்துபோன பிறகு தங்கிய பிள்ளை. அது பிறப்பதற்குள் கடை நிமிர்ந்துவிட வேண்டும் என்பது கோகுல்நாத்தின் ஆசை. கோழி அறுக்கச் சொன்னால்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆள் அவன். மேனகா அவனை ஒரு நாளும் குரல் உயர்த்திப் பார்த்ததில்லை.

முதல் நாள் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது. மானிட்டரின் நீல வெளிச்சம் கண்ணாடி அலமாரியிலும் ஜெராக்ஸ் மெஷினின் மூடியிலும் விழுந்து, மூடுபனியால் பகலிலேயே இருண்டு கிடந்த கடைக்கு ஒரு பண்டிகைக் களை வந்திருந்தது. விசிறி சுழலச் சுழல ஒரு வாசம் மட்டும் வந்தது. புது பிளாஸ்டிக் வாசம் என்றான் கோகுல்நாத். மேனகாவுக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை முன்னால் ஈரத் தரையிலிருந்து எழும்பும் வாசமாகப் பட்டது. மசக்கை போய் வெகு நாளாகியும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

கடையில் இன்னொரு ஜீவனும் உண்டு. செவலை என்று அவர்கள் கூப்பிடும் நாய். வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சுக்கு அடியில்தான் அதன் இடம். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்து அது உள்ளே வரவில்லை. ஷட்டருக்கு வெளியே தூறலில் நனைந்துகொண்டு, பல் தெரிய, மேசைக்கு அடியில் இருந்த அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றது.

சத்தத்தை மேனகா கேட்டது அந்த வாரக் கடைசியில். பின்னால் சமையல் அறையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். தொப். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும், தொப். ஓடையில் யாரோ கனமான ஈரத்துணியைக் கல்லில் அறைந்து துவைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இந்த மழையில் யார் துணி துவைப்பார்கள்?

கடைக்குள் வந்து பார்த்தாள். கோகுல்நாத் மானிட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. தொப். அதற்குப் பின்னால் மிக மெல்லியதாக, மூச்சு வாங்குகிற சத்தம். வேலை செய்து களைத்தவர்கள் வாயால் விடுகிற மூச்சு. தொப்.

"என்னங்க அது?"

"எது?"

அவன் நிஜமாகவே புரியாமல் திரும்பினான். ஆனால் அவன் வலது கையின் விரல்கள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தன. சரியாக அந்தச் சத்தத்தோடு சேர்ந்து.

மேனகா ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினாள். சத்தம் நிற்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து, பெட்டியின் தகட்டுக்குள்ளிருந்து வந்தது. தொப். அப்போது அவள் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. அது வழக்கமான உதை இல்லை. வெளியே ஓர் அடி, உள்ளே ஓர் அடி.

அதன் பிறகு அவள் கடைப்பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாள். சத்தம்தான் வீடு முழுக்க வந்தது. அடுப்படிச் சுவரில் காதை வைத்தால் கேட்டது. தலையணையில் கேட்டது. ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. முதலில் அடி மட்டும். பிறகு மூச்சு. பிறகு எதையோ சிமெண்டுத் தரையில் இழுக்கிற சத்தம். பிறகு ஒரு பெண் அழுகிற குரல். அழுகைக்கு நடுவே என்னவோ ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். இங்கிலீஷும் இல்லை, தெரிந்த எந்தப் பாஷையும் இல்லை. ஆனால் எந்தப் பாஷையில் இருந்தாலும் கெஞ்சுவது கெஞ்சுவதுதான். யாரோ ஒருத்தியை யாரோ அடித்துக் கொன்றிருக்கிறார்கள், இந்தப் பெட்டி இருந்த வீட்டில் அது நடந்திருக்கிறது என்று மேனகா முடிவு கட்டினாள். யாரிடம் சொல்வது? தொழில் சூடு பிடித்திருந்தது. அரியூர் நாட்டுச் சின்னுசாமி தன் தோட்டத்துக் கரண்டு மனுவுக்காக வாரம் தவறாமல் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வெற்றிலையை மென்றபடி, "மெசினு சோக்காத்தேன் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை.

செவலை செத்தது ஒரு மத்தியானம்.

பனி கடைக்குள்ளேயே புகுந்து நின்ற நாள். சத்தம் அன்றைக்கு மிகவும் பலமாக இருந்தது. வெளியே நின்றிருந்த நாய் திடீரென்று ஊளையிட்டுக்கொண்டு உள்ளே பாய்ந்து, மேசைக்கு அடியில் புகுந்து பெட்டியின் ஒயர்களைக் கவ்வி இழுத்தது. கோகுல்நாத் அதன் கழுத்தைப் பிடித்தான். அது திரும்பி அவன் கெண்டைக்காலைக் கவ்வியது. பற்கள் சதையில் இறங்கிய சத்தம் வாசலில் நின்ற மேனகாவுக்கே கேட்டது. அவன் அலறிக்கொண்டு, மூலையில் சாத்தியிருந்த கம்பியை எடுத்தான். ஷட்டரை மாட்டி இழுக்கிற கொக்கிக் கம்பி. ஆள் உயரம், கட்டைவிரல் பருமன்.

முதல் அடியிலேயே நாய் காலை விட்டுவிட்டது. முதுகு ஒடிந்து, பின்பக்கம் செத்துப்போய், முன்னங்கால்களை ஊன்றி வெளியே நகரப் பார்த்தது.

"போதுங்க! உட்டுருங்க!"

அவன் விடவில்லை. அடித்தான். நிறுத்தினான். நாய் தலையைத் தூக்கும் வரை காத்திருந்தான். தூக்கியதும் அடித்தான். தொப். மறுபடி காத்திருந்தான். ரத்தம் பெஞ்சின் காலிலும் ஜெராக்ஸ் மெஷினிலும் அவன் சட்டையிலும் தெறித்தது. நாயின் ஒரு கண் வெளியே வந்து கன்னத்தில் தொங்கியது. அப்போதும் அது எழுந்திருக்கப் பார்த்தது. மேனகா நாயைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபமே இல்லை. எங்கேயோ பாடுகிற பாட்டைக் கூர்ந்து கேட்கிறவன் போலத் தலையைச் சற்றுச் சாய்த்து வைத்திருந்தான். பெட்டியில் ஓர் அடி. கம்பியில் ஓர் அடி.

எல்லாம் முடிந்த பிறகு அவன் கிணற்றடியில் உட்கார்ந்து கையைக் கழுவிக் கழுவி அழுதான். "கடிச்சுருச்சு மேனகா. என்ன பண்றேன்னே தெரீல. நான் வளத்த நாயி."

அவள் அவன் காலுக்கு மஞ்சள் வைத்துக் கட்டினாள். கட்டும்போது பார்த்தாள். அவன் கை அசையாமல் இருந்தது.

மறுநாள் அவன் ஊசி போட்டுக்கொள்ள நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினான். மேனகா எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்குப் போய் முஜீப்பைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அத எப்படியாச்சும் திருப்பி அனுப்பிருங்க. எனக்குப் பயமா இருக்குது."

"யாருக்குத் தங்கச்சி அனுப்பறது?" முஜீப்பின் குரலில் சங்கடம். "அந்தக் கடையே இப்ப இணையத்துல இல்ல. அண்ணனும் போன் போட்டுப் பாத்துட்டாரு. மணி அடிக்குது, ஆரும் எடுக்கறதில்ல. கோகுலு ஏதாச்சும் சொன்னானா?"

"அவரப் பாத்துத்தான் பயமா இருக்குது."

முஜீப் சிரிக்க முயன்றான். "கோகுலப் பாத்தா? அட போ தங்கச்சி. உடம்பு இருக்கற இருப்புல எதையாச்சும் மனசுல போட்டுக்காத."

திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கியபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அணைத்துவிட்டுத்தான் போயிருந்தான். மேனகா சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். கரண்டு போனால் ஓட வைக்கிற பேட்டரிப் பெட்டியின் ஒயரையும் கழற்றினாள். விசிறி சுழன்றுகொண்டே இருந்தது. ஈரத் தரையின் வாசம். தொப். இழுக்கிற சத்தம். அந்தப் பெண்ணின் அழுகை.

ஓடிவிட வேண்டும் என்று கால் சொன்னது. ஆனால் அந்தக் குரலில் என்னவோ இருந்தது. அவள் முட்டி போட்டு, வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, காதைத் தகட்டின் பக்கம் கொண்டுபோனாள். தகடு இப்போது காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. கரகரப்புக்கு நடுவே வார்த்தையின் வால் மட்டும் தேய்ந்து தேய்ந்து வந்தது.

"...காதீங்க ...காதீங்க..."

தமிழ்.

"...காதீங்க ...ஏனுங்க ...காதீங்க..."

அது அவள் குரல்.

மேனகா பின்னால் சரிந்து சுவரில் மோதி உட்கார்ந்தாள். அடிக்காதீங்க. ஏனுங்க, அடிக்காதீங்க. அவள்தான் கெஞ்சுகிறாள். இன்னும் நடக்காத ஒன்றை இந்தப் பெட்டி அவளுக்குப் போட்டுக் காட்டுகிறது.

அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். கையில் எடுத்த பையோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் போனாள். மழையில் பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, மத்தியானத்துக்கு மேல் வண்டி இல்லை என்றார்கள். அந்தச் சரிவுக்கு முன்னால் மேலே வந்துவிட்ட கடைசிப் பஸ்ஸிலிருந்து கோகுல்நாத் நொண்டிக்கொண்டே இறங்கினான். அவள் பையைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

வீட்டில் அவளுக்கு அவனே காப்பி போட்டுக் கொடுத்தான். பிறகு தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"சத்தம் உனக்கும் கேக்குதா புள்ள?"

அவள் தலையாட்டினாள்.

"எனக்கு ஆம்பளச் சத்தமாட்டக் கேக்குது. மொனகற மாரி. உனக்கு?"

ஆம்பளை. அடிக்கிறவனின் சத்தம் அவனுக்குக் கேட்கிறது. அடிபடுகிறவளின் சத்தம் அவளுக்குக் கேட்கிறது. கோகுல்நாத் அவள் தலையைத் தடவினான். அந்தக் கையின் எடையை அவள் கண்ணை மூடிக்கொண்டு தாங்கினாள்.

விடிந்தபோது ஊரே தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஒரு சுவர். கரண்டு இல்லை. அவன் படுக்கையில் இல்லை. கடையிலிருந்து நீல வெளிச்சம் கதவிடுக்கில் கசிந்தது. தொப். மேனகா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றிருந்தான். கையில் கம்பி. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"மேனகா, நீ உள்ள போ." திரும்பாமலே சொன்னான். "இன்னைக்கு முடிச்சர்றேன். பனி இருக்கறப்பவே பள்ளத்துல கொண்டுபோய்த் தள்ளிட்டா ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது."

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது.

அவன் கம்பியைச் சுவரில் சாத்திவிட்டு மேசைக்கு அடியில் குனிந்தான்.

கம்பி அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பனியைப் போல ஜில்லென்று இருக்கும் என்று நினைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது.

முதல் அடி பிடரியில் விழுந்தது. அவன் மேசைக்காலில் முகம் மோதிக் கவிழ்ந்தான். பாதித் திரும்பிப் பார்த்தான். வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு பல் வந்தது. "மே..." என்றான். அவன் கையில் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய ஒயர்கள் இருந்தன. பெட்டியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தான். தலையில் வைத்துத் தூக்குவதற்குச் சும்மாடு சுற்றிய துண்டு பக்கத்தில் கிடந்தது.

பள்ளத்தில் தள்ளுவதாகச் சொன்னது இதைத்தான்.

மேனகாவுக்குப் புரிந்தது. புரிந்ததும் கம்பியைக் கீழே போட்டிருப்பாள். ஆனால் அவன் கையை ஊன்றி எழுந்தான். எழுந்த விதம் சரியில்லை. தலை மார்பில் தொங்க, முதலில் இடுப்பு, அப்புறம் தோள், யாரோ மேலிருந்து தூக்குவதைப் போல. கழுத்தெலும்பு ஒடிந்து தோலுக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்தது. ஒடிந்த கழுத்தோடு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

அவள் அடித்தாள். தொப்.

விழுந்தான். எழுந்தான்.

தொப். காது இருந்த இடம் பிய்ந்து தொங்கியது. எழுந்தான். தொப். தாடை ஒரு பக்கமாகப் போனது. விழுந்தவனின் காலைப் பிடித்துச் சிமெண்டுத் தரையில் இழுத்தாள், பெட்டியைவிட்டுத் தள்ளி, வாசல் பக்கமாக. வாயால் மூச்சு வாங்கியது. கால் அவள் கைக்குள் அசைந்தது. மறுபடியும் முட்டியை ஊன்றினான்.

"எந்திரிக்காதீங்க." யாரோ அழுதுகொண்டே சொன்னார்கள். "ஏனுங்க, எந்திரிக்காதீங்க. எந்திரிக்காதீங்க..."

அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெட்டியில் சத்தம் நின்றிருந்தது. விசிறிகூட ஓடவில்லை; மானிட்டரின் நீல வெளிச்சம் மட்டும் எரிந்தது. அந்த அமைதியில் கோகுல்நாத் அவளைக் கடந்து போனான். தன் ரத்தத்தில் வழுக்கி, மேசையைப் பிடித்து நிமிர்ந்து, நாற்காலியில் உட்கார்ந்தான். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஷட்டர் வெளியிலிருந்து பாதி உயர்ந்தது. பனியோடு சேர்ந்து, குடையை மடக்கிக்கொண்டு சின்னுசாமி குனிந்து உள்ளே வந்தார்.

"ஏனுங்க, கரண்டு இல்லீன்னாங்க. லைட்டு எரியுதேன்னு வந்தேனுங்க. நம்ம மனுவு..."

அவர் கையிலிருந்து குடை விழுந்தது.

கோகுல்நாத் டைப் அடித்துக்கொண்டிருந்தான். தலையின் ஒரு பாதி உள்ளே போயிருந்தது. தொங்கிய தாடையிலிருந்து ரத்தமும் எச்சிலும் நூலாக வழிந்து எழுத்துகளுக்கு நடுவே ஓடின. விரல்கள் ஒரு பிழை இல்லாமல், ஓர் இடத்தில் தயங்காமல், இதுவரை அவன் அடித்தே இராத வேகத்தில் ஓடின. பிறகு இடது கையை மட்டும் எடுத்து, வாடிக்கையாளர் யார் வந்தாலும் காட்டுகிற மாதிரி, பெஞ்சைக் காட்டினான். அந்தக் கையில் இரண்டு விரல்கள் பின்பக்கமாக மடங்கியிருந்தன.

சின்னுசாமியின் உதடுகள் அசைந்தன. ஷட்டர் அவருக்குப் பின்னால் திறந்துதான் இருந்தது. இரண்டே எட்டில் தெருவுக்குப் போயிருக்கலாம். அவர் கண்களில் நீர் முட்ட, யாரோ பிடித்து இழுப்பதைப் போல, மெல்லப் பின்னால் நகர்ந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டார்.

கம்பியைப் பிடித்தபடி நின்ற மேனகாவின் பக்கம், மிச்சமிருந்த ஒரு கண் திரும்பியது. மடங்கிய விரல்கள் பெஞ்சில் இருந்த இன்னோர் இடத்தைக் காட்டின.